பழைய நம்பர் 4 ரைஃபிளுக்கு பார்க்கர் ஹேல் பி.ஹெச்.5சி சைட்: வாங்கலாமா?

லீ என்ஃபீல்ட் நம்பர் 4 என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளை வைத்துக்கொண்டு காகித இலக்கில் சுடுபவர்களுக்கு நல்ல நிலையில் ஒரு பி.ஹெச்.5சி, அதாவது அதன் பின்பக்கத்தில் பொருத்திக் குறிபார்க்கும் சைட், கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். நான் பொருத்திப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த "நல்ல நிலை" எது என்பது பல சமயம் விற்பவருக்கே தெரிவதில்லை.

நம்பர் 4-ல்தான் ஏற்கெனவே துளை வைத்த பின்சைட் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ராணுவம் போட்டுக் கொடுத்த மார்க் 1 சைட்டை 200 கஜத்திலிருந்து 1300 கஜம் வரை ஏற்றி இறக்கலாம். போர்க்கால அவசரத்தில் வந்த மார்க் 2-வில் 300, 600 என்று இரண்டே துளைதான், புரட்டிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இரண்டிலுமே இடவலமாக நகர்த்த வழி கிடையாது. குண்டு இடப்பக்கம் ஒதுங்கிப் போனால் முன்சைட்டைத் தள்ளி வைக்க வேண்டும், காற்று திரும்பினால் உத்தேசமாக ஓரத்தில் குறிவைக்க வேண்டும். பி.ஹெச்.5சி-யில் உயரத்துக்கு ஒரு திருகு, இடவலத்துக்கு ஒரு திருகு, இரண்டுக்கும் அளவுகோல் உண்டு, நகர்த்தும்போது கிளிக் கிளிக்கென்று விரலில் தெரிகிறது. கண்ணை எடுக்காமலே எத்தனை நகர்த்தினோம் என்று எண்ணிக்கொள்ளலாம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு: ரிசீவரில் (போல்ட் ஓடும் ரைஃபிளின் உலோக உடல்) புதிதாக ஒரு துளைகூடப் போட வேண்டாம். ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே சைட்டைத் தாங்கும் தகடு உட்கார்ந்துகொள்கிறது, வேண்டாம் என்றால் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம். பழைய ரைஃபிளில் டிரில் வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. ஒரு தடவை துளை போட்டால் அது என்றைக்கும் மூடாது.

பொருத்தும் வேலை பெரிதில்லை, பொறுமைதான் வேண்டும். மேகசினைக் கழற்றி, போல்ட்டை உருவி, சேம்பரில் (தோட்டா உட்காரும் குழி) ஒன்றுமில்லை என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பழைய சைட்டின் அச்சாணியைப் பிடித்திருக்கும் சின்னக் குறுக்கு ஊசிதான் தொல்லை. முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, சரியான தடிமனுள்ள பஞ்ச் கம்பியை (ஊசியைத் தள்ளும் உலோகக் கம்பி) வைத்து மெதுவாகத் தட்டினால் வரும். சைட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்கும் அது தள்ளும் சின்னக் குமிழும் இருக்கின்றன, அச்சாணி வெளியே வரும்போது ஒரு விரலால் சைட்டை அழுத்திப் பிடிக்காவிட்டால் அவை பறந்துவிடும், அப்புறம் தரையில் தேட வேண்டியதுதான்.

திருகுகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய சைட் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சைட் தனியாக, தகடோ திருகோ இல்லாமல் விற்பனைக்கு வரும், "திருகுதானே, எங்கேயும் கிடைக்கும்" என்பார்கள். கிடைக்காது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் சின்னத் திருகுகளில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற அளவு முறை மரை பரவலாக இருந்தது. அதன் மரைக்கோணம் 47.5 டிகிரி, மெட்ரிக்கில் 60. 4 பி.ஏ. திருகின் விட்டம் 3.6 மில்லிமீட்டர், கையில் பார்த்தால் மெட்ரிக் மாதிரியேதான் இருக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிற திருகை முறுக்கி ஏற்றினால் சைட்டின் மரை போய்விடும். அதனால் தகடும் அசல் திருகுகளும் சேர்ந்தே வந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இதற்கு முந்தைய நம்பர் 1 ரைஃபிளுக்கு வந்த பி.ஹெச்.5ஏ-வின் தகடு இதற்கு ஆகாது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். பர்மிங்காமில் ஏ.ஜே. பார்க்கர் என்று இன்னொரு நிறுவனமும் நம்பர் 4-க்கு சைட் செய்தது, பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டின் பாகங்களும் ஒரே பெட்டியில் கலந்து வரும்.

அடுத்தது சைட்டின் ஆட்டம், அதாவது தளர்ச்சி. இந்த ரைஃபிளில் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே சுமார் 28 அங்குலம். 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் விலக, அதாவது ஒரு மினிட்டுக்கு (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), பின்சைட் வெறும் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். அந்த அளவு தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்: துளைத்தகட்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள், டக்கென்று ஒரு சத்தம் வந்தால் வேண்டாம். திசை மாற்றித் திருப்பும்போது முதலில் சும்மா சுற்றும் பின்னடைவு எல்லாப் பழைய திருகிலும் கொஞ்சம் இருக்கும். எப்போதும் ஒரே திசையில் திருகி முடித்தால் அது தொந்தரவு செய்யாது. இறக்க வேண்டுமென்றால் சற்றுக் கூடுதலாக இறக்கிவிட்டு மேலே ஏற்றி நிறுத்துங்கள்.

பொருத்திய பிறகு முன்சைட்டின் உயரம் ஒத்துவராமல் போகலாம். பின்சைட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் குண்டு மேலே போனால் இன்னும் உயரமான முன்சைட் பிளேடு (முன்னால் நிற்கும் மெல்லிய தகடு) வேண்டும். பிளேடுகள் 0.015 அங்குலப் படிகளில் கிடைக்கின்றன, ஒரு படி மாறினால் 100 கஜத்தில் கிட்டத்தட்ட 2 அங்குலம் மாறும். இந்தக் கணக்கு தெரிந்தால் கண்டபடி பிளேடு வாங்கிக் குவிக்க வேண்டாம். அரம் எடுத்து ராவவும் வேண்டாம்.

பார்வை எப்படி? நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு இது பெரிய உதவி. சின்னத் துளை வழியே பார்க்கும்போது முன்சைட்டும் இலக்கும் ஓரளவு சேர்ந்தே தெளிகின்றன. துளையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கண் தானாக நடுவுக்கு வந்துவிடும், முன்சைட்டை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் துளை சிறிதாக ஆக வெளிச்சம் குறையும், மேகமூட்டமான நாளில் கறுப்பு இலக்கில் கறுப்பு பிளேடு கரைந்துவிடுகிறது. அதனால் முடிந்தால் ஆறு அளவுத் துளைகளைத் திருப்பிக்கொள்ளும் வட்டக் கண்தகட்டோடு வாங்குங்கள். கண்ணாடி போடுபவர்கள் இந்த ரைஃபிளின் .303 தோட்டா தரும் உதைப்பை மனதில் வைத்து முகத்தைச் சற்றுப் பின்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ரைஃபிளை அங்கேயும் இங்கேயும் இடித்துக்கொண்டு காட்டில் நடப்பவருக்கு இது சரிப்படாது, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகுக் குமிழ்கள் எதிலாவது மாட்டும். அவருக்குப் பழைய மார்க் 1 சைட்டே போதும். மற்றவர்கள் வாங்கிப் பொருத்திய அன்றைக்கே கழற்றிய சைட், அச்சாணி, ஸ்பிரிங், குமிழ் எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவி, ஒரே பையில் போட்டு, எந்த ரைஃபிளுடையது என்று வரிசை எண்ணை எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள்.