பேஸ்புக் விளம்பரம்: திருமலைக் கடைக்கு வியாபாரம் தருமா?

பேஸ்புக் பதிவை விளம்பரமாக்கும் ‘பூஸ்ட்’ பொத்தானை மாதாமாதம் அழுத்திக் காசு கட்டும் கடைகள் திருகோணமலையில் நிறைய. லைக் ஏறுகிறது, கல்லா அசைவதில்லை. நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் தேடித் தரும். லைக்கைக் கேட்டால், எதைக் கண்டாலும் லைக் போட்டுவிட்டுப் போகிறவர்களிடமே விளம்பரம் போகும். பொருள் விற்க வேண்டுமென்றால் மெட்டாவின் விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், நோக்கமாக ‘சேல்ஸ்’ (விற்பனை) எடுத்து, ஆள் வந்து சேரும் இடமாக வட்ஸ்அப்பைக் கொடுங்கள். இணையத்தளம் இல்லாத கடைக்கு இதுவே சரியான வழி. ஐபோன் செயலிக்குள் பூஸ்ட் செய்தால் ஆப்பிளின் 30 வீதக் கட்டணமும் சேரும். பிரவுசரில் செய்தால் அது மிச்சம்.

அடுத்தது, விளம்பரம் எவ்வளவு தூரத்துக்குப் போக வேண்டும் என்பது. நகரத்தைச் சுற்றி 40 கிலோமீற்றர் வட்டம் போட்டால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கந்தளாய். மதியச் சோறு வாங்கக் கந்தளாயிலிருந்து யாரும் வரப்போவதில்லை. சாப்பாட்டுக்கடைக்கு 5 கிலோமீற்றரே போதும். புடவைக்கடைக்குக் கிண்ணியாவும் மூதூரும் வேண்டும். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு இந்த வட்டமே பயன்படாது. அறை எடுக்கிறவர் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிறார். அவருக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனி விளம்பரம் வேண்டும், அதுவும் மே மாத சீசன் தொடங்குவதற்கு முன்பே.

குறைந்த காசை ஐந்து விளம்பரத் தொகுதிகளாக (தனித்தனி ஆட்களுக்குத் தனித்தனிக் காசு ஒதுக்கும் பிரிவுகளாக) பிரிக்காதீர்கள். ஒரு தொகுதிக்கு ஒரு கிழமைக்குள் ஏறக்குறைய 50 பலன்கள் (நீங்கள் கேட்ட செய்தியோ விற்பனையோ) கிடைத்தால்தான் யார் வாங்குவார்கள் என்று மெட்டாவின் முறைமை கற்றுக்கொள்ளும். பெரிய மாற்றம் ஒவ்வொன்றும் அந்தக் கற்றலை முதலிலிருந்து தொடங்க வைக்கும். தினமும் கைவைத்துக் கெடுக்கிறவர்கள்தான் அதிகம்.

விலையை விளம்பரத்திலேயே போடுங்கள். ‘இன்பொக்ஸ் வாங்கோ’ என்று எழுதினால் விசாரிப்புக் குவியும், வாங்குகிறவர் குறைவார். இரவு வந்த செய்திக்கு மறுநாள் மதியம் பதில் சொன்னால், கொடுத்த காசு வீண்.

கணக்கை இப்படிப் போடுங்கள். ஒரு சேலையில் 800 ரூபா இலாபம் நிற்கிறது, விளம்பரத்துக்கு 12,000 ரூபா போகிறது என்றால், 15 சேலை விற்றால்தான் போட்ட காசு திரும்பும். பொருளைக் கையில் வாங்கிக் காசு கொடுக்கும் முறையில் திரும்பி வரும் பார்சல்களின் கூரியர் செலவையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்த 15 சேலைகளுமே, விளம்பரம் இல்லாவிட்டால் விற்றிருக்காதவையாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிளிக் செய்து 7 நாளுக்குள்ளோ, வெறுமனே பார்த்து 1 நாளுக்குள்ளோ வாங்கினால் மெட்டா அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும், எப்படியும் வாங்க இருந்தவரையும் சேர்த்து. 2012இல் அமெரிக்க இணையச் சந்தையான இபே தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டிய தேடுபொறி விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. ஏறக்குறைய அத்தனை பேரும் விளம்பரம் இல்லாமலே வந்து சேர்ந்தார்கள்.

அதே சோதனையை இங்கும் செய்யலாம். நகரத்தில் விளம்பரத்தை ஓடவிட்டு, கிண்ணியாவில் இரண்டு கிழமை நிறுத்துங்கள். தீபாவளி, ஹஜ் பெருநாள் நாட்களைத் தவிருங்கள். வாங்குகிறவரின் ஊரைப் பில்லில் குறித்துவந்து, முந்திய இரண்டு கிழமையோடு ஒப்பிடுங்கள்.

எங்கள் முடிவு: விடுதி, படகுச் சவாரி, வட்ஸ்அப்பில் விற்கும் உடுப்பு ஆகியவற்றுக்குச் செலவழிக்கலாம். தெருமுனைப் பலசரக்குக் கடைக்கு வேண்டாம். அந்தக் காசுக்குப் பெயர்ப்பலகையைப் புதுப்பியுங்கள், கூகுள் மெப்பில் கடையை இலவசமாகப் பதியுங்கள்.