திருவல்லிக்கேணியில் துணி பேனர் எழுதும் பாய் கடை: ஆகஸ்ட் 6 கூட்டத்துக்காக வாங்கிய அனுபவம்

கூட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம் என்று எதற்காவது கையால் எழுதிய பேனர் தேடுகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். கடை திருவல்லிக்கேணியில், ஜாம் பஜார் மார்க்கெட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. இருக்கிற வேலையையே ஒற்றை ஆளாக முடிக்க முடியவில்லை, பேரையும் நம்பரையும் நெட்டில் போடாதீர்கள் என்று பாய் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் போய் 'துணியில எழுதுற பாய்' என்று விசாரித்தால் டீக்கடையிலேயே கை காட்டிவிடுவார்கள்.

நாங்கள் கட்சியும் இல்லை, சங்கமும் இல்லை. இருபத்தைந்து, முப்பது பேர். ஒரு வங்கி ஊழியர், ரெண்டு ரிட்டயர்டு வாத்தியார்கள், காலேஜ் பிள்ளைகள் சிலர், மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியில் கணக்கு எழுதும் நான். வருஷா வருஷம் ஆகஸ்ட் 6, ஜப்பானின் ஹிரோஷிமாவில் 1945-ல் அணுகுண்டு விழுந்த நாளில், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் ஒன்றரை மணி நேரம் பேசாமல் நிற்போம். கோஷம் இல்லை, மைக் செட் இல்லை. அதனால் எங்களுக்குப் பேனர்தான் வாய். அதில் எழுத்து சரியில்லை என்றால் நாங்கள் அங்கே நின்றதற்கு அர்த்தமே இல்லை.

2024-ல் அப்படித்தான் ஆனது. அவசரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்தோம். நான் போனில் டைப் செய்து அனுப்பிய யூனிகோட் எழுத்து அவர்கள் சாஃப்ட்வேரில் கட்டம் கட்டமாக வந்ததால், ஆபரேட்டர் தம்பி பார்த்துப் பார்த்து மறுபடி டைப் செய்தார். நான் கொடுத்தது புறநானூற்று வரி. சோழர்கள் ரெண்டு பேர், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், உறையூரில் மோதிக்கொள்ள நின்றபோது புலவர் கோவூர் கிழார் நடுவில் போய்ச் சொன்னது: 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும்குடியே.' உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். பேனரில் 'தோற்பது நம்குடியே' என்று வந்துவிட்டது. தம்பிக்கு 'நும்' தப்பாகப் பட்டிருக்கிறது, திருத்திவிட்டார். நான் புரூஃபைச் சரியாகப் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல தமிழ் ஆசிரியர் ஒருவர் எங்களோடு நின்றார். ஒன்றரை மணி நேரமும் அவர் பேனர் பக்கம் திரும்பவே இல்லை.

அப்புறம் ஃபிளெக்ஸே வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒருநாள் நின்றுவிட்டுக் குப்பையில் போடும் பிளாஸ்டிக் அது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் இறந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. உயிர் போகக் கூடாது என்று சொல்ல வருகிறவர்கள் எதில் எழுதிச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

2025 ஜூலை மூன்றாம் வாரம் பாய் கடைக்குப் போனேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். சுவரில் நீளவாக்கில் பலகை அடித்து, அதில் துணியை ஆணி போட்டு இழுத்துக் கட்டியிருந்தார். தரையில் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் பெயின்ட். பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தொழிற்சங்கங்களுக்கும் தர்காக்களுக்கும் ஸ்கூல் ஆண்டு விழாக்களுக்கும் முப்பது வருஷத்துக்கு மேலாக எழுதுகிறாராம்.

நான் எழுதிக்கொண்டு போன வாசகத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். "முப்பத்தியொரு வார்த்தை இருக்கும்மா. பஸ்ஸுல போறவன் எத்தினி செகண்டு பாப்பான்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "நாலு. சிக்னல்ல நின்னா கொஞ்சம் கூட. நாலு செகண்டுல எது மனசுல ஏறணுமோ அதை மட்டும் குடுங்க. மீதியை நோட்டீஸ்ல அடிச்சிக்கங்க."

அந்த மீதி என்னவென்றால், 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர் இறந்தது, குண்டு விழுந்த காலை 8.15 நம் நேரத்தில் விடியற்காலை 4.45 என்பது, தப்பிப் பிழைத்தவர்களின் நிஹோன் ஹிடாங்க்யோ அமைப்புக்கு 2024-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது எல்லாம். எதையும் விட மனசு வரவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. அங்கேயே உட்கார்ந்து வெட்டினேன். கடைசியில் ஒரு பேனருக்கு 'ஹிரோஷிமா 80' என்று மேலே, 'இனி ஒரு குண்டும் வேண்டாம்' என்று கீழே. இன்னொன்றுக்கு கோவூர் கிழார். வெட்டியதெல்லாம் நோட்டீஸுக்குப் போனது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோவூர் கிழார் வரியைக் கொடுத்ததும் பாய் 'நும்' என்பதில் பென்சிலை வைத்து, இது என்ன என்று கேட்டார். 'உங்கள்' என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப சண்டை போடுற ரெண்டு பேரையும் பாத்து மூணாவது ஆளு சொல்றது. 'நம்'முன்னு போட்டா சொல்றவனும் ஒரு பக்கம் சேந்த மாதிரி ஆயிடும்." 2024 பேனரில் ஒரு எழுத்து மாறியதில் என்ன போனது என்று நான் யாருக்கும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. துணியில் கை வைக்கும் முன்னால் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுப் புரிந்துகொண்டு எழுதுகிறவரிடம் போங்கள். எந்த விலைக்கும் அது மலிவு.

துணி நாமே வாங்கிக் கொடுத்தால் கொஞ்சம் குறையும். நான் கோடவுன் தெருவில் காடா துணி வாங்கிக்கொண்டு போனேன். பாய் முதலில் அதைத் தண்ணீரில் அலசிக் கஞ்சியைப் போக்கிக் காயவைத்தார், இல்லாவிட்டால் பெயின்ட் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று உதிருமாம். எழுதுவதை நான் ஒருநாள் மதியம் உட்கார்ந்து பார்த்தேன். நீலப்பொடியில் தோய்த்த நூலை ரெண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு. பத்தடிக்கு நேர்கோடு விழுந்துவிட்டது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருந்து படிக்க வேண்டும் என்று சொன்னதால் எட்டு அங்குலம். தமிழுக்கு அதிலும் கொஞ்சம் தாராளம் வேண்டும், சுழியும் கொம்பும் ஒன்றோடொன்று ஒட்டினால் தூரத்தில் கறுப்புத் திட்டாகத் தெரியும் என்றார். 'ஷி'யின் மேல்வளைவை மட்டும் மூன்று தடவை அழித்துப் போட்டார். பட்டை பிரஷ்ஷை ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, மூச்சை விடும்போதுதான் கையை எடுத்தார்.

கையில் பிடிக்க வட்டத் தட்டிகளும் இருபத்துநான்கு கேட்டிருந்தோம். 1958 ஈஸ்டரின்போது லண்டனிலிருந்து ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத நிலையத்துக்கு நான்கு நாள் நடந்தார்களே, அதற்காக ஜெரால்ட் ஹோல்டம் என்ற ஓவியர் வரைந்ததுதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அமைதிச் சின்னம். கொடி அசைத்துச் செய்தி சொல்லும் முறையில் 'என்', 'டி' என்ற ரெண்டு எழுத்துகளின் கை நிலைதான் அந்தக் கோடுகள். அணு ஆயுதக் களைவு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். அன்றைக்கு 500 வட்டத் தட்டிகள் செய்தார்கள், பாதி வெள்ளையில் கறுப்பு, பாதி பச்சையில் வெள்ளை. நாங்களும் அதே மாதிரி பன்னிரண்டு, பன்னிரண்டு. பாய் படத்தைப் பார்த்துவிட்டு, இது பென்ஸ் கார் அடையாளம் ஆச்சே என்றார். நடுக்கோடு கீழ்வரை இறங்கி வட்டத்தைத் தொட வேண்டும், அதுதான் வித்தியாசம் என்றேன். அதன் பிறகு இருபத்துநான்கிலும் முதலில் போட்டது அந்த நடுக்கோட்டைத்தான்.

தட்டிக்குச் சவுக்குக் கம்பு போடலாம் என்று நினைத்திருந்தேன். வேண்டாம், தடியாக எதுவும் இருந்தால் போலீஸ் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று மெல்லிய மூங்கில் பட்டை போட்டார். முப்பது வருஷ அனுபவம் இதில்தான் தெரிகிறது. சென்னையில் எங்கே நிற்பதானாலும் ஐந்து நாள் முன்பே கமிஷனர் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். கடிதம் கொடுத்தாச்சா என்பதையும் அவர்தான் எனக்கு ஞாபகப்படுத்தினார்.

காய்வதற்குக் காத்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டார். "ஜப்பான்ல விழுந்த குண்டுக்கு எக்மோர்ல எதுக்குமா நிக்கிறீங்க?" பலரும் கேட்பதுதான், ஆனால் அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என் பாட்டி கதையைச் சொன்னேன். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று மெட்ராஸே காலியானது. மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம் புலிகளைச் சுட்டுவிட்டார்கள். பாட்டிக்கு அப்போது பதினொரு வயது. கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் போனதையும், திரும்பி வந்தபோது வீட்டில் வளர்த்த பசு இல்லாததையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கும் முன்னால் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுமார் 125 குண்டுகள் போட்டது. எண்ணெய் டேங்குகள் எரிந்தன. ஹைகோர்ட் மதில் பக்கம் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. பாய்க்கு எம்டன் என்ற சொல் தெரியும், அது கப்பல் என்று தெரியாது. "எங்க வாப்பா என்னைத் திட்டும்போதெல்லாம் எம்டன்னுதான் சொல்வாரு" என்றார். 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்தபோது டிவியை அணைக்காமல் ரெண்டு ராத்திரி உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். பேத்திக்கு நாலு வயது. அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சரி, குறைகள். ஆகஸ்ட் 4 தருவதாகச் சொன்னவர் 5-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கொடுத்தார். வேலை நேரத்தில் போனை எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கடை மூடியிருக்கும், எனக்குத் தெரியாமல் ஒருமுறை வீணாக அலைந்தேன். பில் கேட்டால் நோட்டுத் தாளில் எழுதித் தருவார், ஆபீஸ் கணக்குக்கு வேண்டுமென்றால் அது போதாது. பெரிய குறை பச்சைத் தட்டிகள். அந்த வாரம் தூறல் விட்டு விட்டு இருந்தது. அடுக்கி வைத்ததில் நான்கு தட்டிகள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது வெள்ளைக் கோடு உரிந்து வந்தது. மற்றதைப் பிடித்தவர்கள் கையெல்லாம் பச்சை. கூட்டத்துக்கு ஒரு வாரமாவது முன்னால் கையில் வாங்கிவிடுங்கள்.

விலை: பத்தடிக்கு மூன்றடி பேனர் ஒன்று 1,350 ரூபாய், ஓரம் மடித்துக் கம்பு நுழைக்கத் தைத்துத் தருவதும் சேர்த்து. வட்டத் தட்டி ஒன்று 60. மொத்தம் 4,140. உரிந்த நான்கு தட்டிகளை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு 240-ஐத் திருப்பியும் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. ஃபிளெக்ஸ் இதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும், அது உண்மை. ஆனால் ஃபிளெக்ஸில் காற்று வந்தால் ரெண்டு பேர் தொங்க வேண்டும். காடா துணி காற்றை விட்டுவிடுகிறது. ஒரு பக்கம் பதினாறு வயதுப் பெண்ணும் இன்னொரு பக்கம் எழுபத்திரண்டு வயது வாத்தியாரும் ஒன்றரை மணி நேரம் பிடித்தார்கள்.

அன்று புதன்கிழமை. சாயங்காலம் நாலரைக்கு நின்றோம். ஐந்து மணிக்கு மேல் டிராஃபிக் நெருங்கி, ஒரு மாநகரப் பஸ் சரியாக எங்கள் எதிரே நின்றது. ஜன்னலோரம் யூனிஃபார்மில் ஒரு பையன், மூன்றாவது நான்காவது படிப்பான். கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு வாயசைத்துப் படித்தான். 'இ-னி... ஒ-ரு... குண்-டும்...' கடைசிச் சொல்லைச் சத்தமாகவே சொன்னான். பக்கத்திலிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பஸ் கிளம்பிவிட்டது. பாய் சொன்ன நாலு செகண்டைவிடக் கொஞ்சம் அதிகம் ஆகியிருக்கும். ஹிரோஷிமா, நாகசாகி குண்டுகளில் பிழைத்தவர்களில் உயிரோடிருப்பவர்கள் 2025 மார்ச் கணக்கில் ஒரு லட்சத்துக்கும் கீழே, சராசரி வயது 86-ஐத் தாண்டிவிட்டது. இனி இதை யாராவது எழுத, யாராவது படிக்க வேண்டும். அந்தப் பையன் படித்தான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பேசாமல் நிற்கும் கூட்டம் என்பதால் நல்லதாகப் போயிற்று.

பேனரில் ஒரு ஏற்பாடு நான் கேட்காமலே பாய் செய்தது. '80'-ஐ மட்டும் தனித் துண்டில் எழுதி, நான்கு மூலையிலும் நாடா வைத்துக் கட்டியிருக்கிறார். வருஷம் மாறினால் துண்டை மாற்றினால் போதும், பேனர் பத்து வருஷம் வரும், மடிக்காமல் குழாயில் சுருட்டி வையுங்கள் என்றார். தட்டிகளைத் திருத்தி வாங்கப் போனபோது '81'-ஐயும் எழுதிக் கொடுத்துவிட்டார். அது என் பீரோவில் இருக்கிறது. பச்சைதான். நன்றாகக் காய்ந்துவிட்டது, தேய்த்துப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை.