நெட்நியூஸ்வயர்: படித்து முடிக்க முடிகிற ஒரு செயலி

மென்பொருள் துறையில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. தினமும் ஏதோ ஒரு ஏஐ மாடல் வருகிறது, "இனி புரோகிராமர்களே தேவையில்லை" என்று ஒருவர் எழுதுகிறார், அதற்குக் கீழேயே இன்னொருவர் அதெல்லாம் பழைய கதை என்று வேறொன்றைக் காட்டுகிறார். எல்லாவற்றையும் மூடிவிட்டு நிம்மதியாக இரு என்று சொல்வது சுலபம், ஆனால் வேலைக்கு வேண்டிய தகவலும் அந்தக் கூச்சலுக்குள்ளேயேதான் கிடக்கிறது. இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல தீர்வு நெட்நியூஸ்வயர் என்ற ஆர்எஸ்எஸ் ரீடர். மேக், ஐபோன், ஐபேடில் ஓடுகிறது. இலவசம், ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்க்கலாம்), விளம்பரம் கிடையாது.

ஆர்எஸ்எஸ் தெரியாத இளையவர்களுக்காக ஒரு வரி: ஒரு தளத்தின் செய்தியோடை முகவரியைச் சேர்த்துவிட்டால், அங்கே புதிதாக வருவதெல்லாம் இந்தச் செயலிக்குள் தேதி வரிசையில் வந்து சேரும். நடுவில் எந்த அல்காரிதமும் இல்லை. 1999இல் நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் நிறுவனத்தில் தொடங்கிய இந்த வடிவம்தான் இன்றும் பாட்காஸ்ட்டுகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.

செயலிக்கும் வயதாகிறது. இதை உருவாக்கிய பிரெண்ட் சிம்மன்ஸ் 2002இல் வெளியிட்டார், 2005இல் ஒரு நிறுவனத்துக்கு விற்றார், அங்கிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போய், 2018இல் அவரிடமே திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு ஓப்பன் சோர்ஸாக 5.0 வந்தது. இதற்கு நடுவில் 2013 ஜூலை 1 அன்று, கூகுளின் ஆர்எஸ்எஸ் ரீடரான கூகுள் ரீடர் மூடப்பட்டது. ஆனாலும் அதை நம்பியிருந்தவர்கள் தங்கள் ஓடைப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு ரீடருக்குப் போக முடிந்தது. நெட்நியூஸ்வயரிலும் அப்படித்தான், ஓபிஎம்எல் கோப்பாக (ஓடைப் பட்டியலுக்கான பொதுவான கோப்பு வடிவம்) ஏற்றுமதி செய்தால் போதும். நாளைக்கு இந்தச் செயலியே நின்றுபோனாலும் நான் சேர்த்த பட்டியல் என்னிடம்தான் இருக்கும் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, தொழில்நுட்ப வேகத்துக்கு இது எப்படி உதவுகிறது? சமூக வலைதளத்தில் ஒரு மாற்றத்தை நாம் முதலில் பார்ப்பது யாரோ ஒருவருடைய பதற்றத்தின் வழியாக. இங்கே அதே மாற்றம் அதைச் செய்தவர்களே எழுதிய வெளியீட்டுக் குறிப்பாக வருகிறது. எது சேர்ந்தது, எது சரிசெய்யப்பட்டது, எது எப்போது நீக்கப்படும், அவ்வளவுதான். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒவ்வொரு புராஜெக்ட்டின் வெளியீடுகளுக்கும் ஓடை இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. நான் பயன்படுத்தும் மொழி, டேட்டாபேஸ், லைப்ரரிகள் எல்லாவற்றின் வெளியீட்டு ஓடைகளையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். அதைத் தொடர்ந்து படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது: நம் வேலையை உண்மையில் புரட்டிப்போடுகிற மாற்றங்கள் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. உதாரணத்துக்கு, பைத்தான் என்ற நிரல்மொழியின் புதிய தலைமுறையான பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2க்கான ஆதரவு 2015இல் முடியும் என்று முதலில் சொன்னார்கள், அப்புறம் 2014இல் அதை 2020 வரை நீட்டித்தார்கள், 2020 ஜனவரி 1 அன்று முடித்தார்கள். பதினோரு ஆண்டு அவகாசம்! அன்றன்றைக்கு ஓடி ஓடிப் பிடிக்க வேண்டிய விஷயம் அதில் எதுவுமே இல்லை.

பாதுகாப்பு ஓட்டைகள் விதிவிலக்கு. 2021 டிசம்பரில், ஏராளமான மென்பொருள்களில் இருக்கும் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வெளியானபோது அதை வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இருந்திருக்க முடியாது. அதனால் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தனி ஃபோல்டரில் வைத்து, அந்த ஓடைகளுக்கு மட்டும் நோட்டிபிகேஷன் போட்டிருக்கிறேன். ஓடை வாரியாக அப்படி வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. மற்றதெல்லாம் சத்தமில்லாமல் வந்து கிடக்கும், நேரம் கிடைக்கும்போது படிக்கலாம்.

படிக்கிற அனுபவமும் நன்றாக இருக்கிறது. மேக்கில் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போனால் கட்டுரை நகர்ந்து, முடிந்ததும் அடுத்த படிக்காத கட்டுரைக்குத் தாவும், எல்லாம் தீர்ந்ததும் நின்றுவிடும். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிற திரைகளுக்குப் பழகிப்போன நமக்கு, இன்றைக்கு இவ்வளவுதான் என்று ஒரு செயலி நிற்பது முதலில் வினோதமாகக்கூட இருக்கும். விடுமுறை முடிந்து வந்து படிக்காதவை மலையாகக் குவிந்திருந்தால் "எல்லாம் படித்ததாகக் குறி" என்பதைத் தயங்காமல் அழுத்துங்கள். முக்கியமானது என்றால் எப்படியும் திரும்ப வரும், இதை முழு நம்பிக்கையோடு சொல்கிறேன். ஐகான் மேல் தெரியும் எண்ணையும் சிஸ்டம் அமைப்பில் அணைத்துவிடுங்கள், அது தேவையில்லாத பரபரப்பு.

குறைகள் என்றால், ஆப்பிள் கருவிகளுக்கு வெளியே இது இல்லை. ஆண்ட்ராய்டு, விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஃபீட்லி, ஐநோரீடர் பார்க்கலாம், சொந்த சர்வர் இருந்தால் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ். சில தளங்கள் ஓடையில் முதல் பத்தியை மட்டும் தருகின்றன. செயலியில் இருக்கும் ரீடர் வியூ என்ற வசதி பல சமயம் முழுக் கட்டுரையை எடுத்துத் தரும், எப்போதும் அல்ல. அப்புறம், இந்தச் செயலி உங்களுக்கு எதையும் பரிந்துரைக்காது. புதிய எழுத்தாளர்களை நீங்களேதான் தேட வேண்டும், ஒரு நல்ல பதிவில் இருக்கும் இணைப்பைப் பிடித்து இன்னொரு நல்ல பதிவுக்குப் போகிற பழைய முறைதான். எனக்கு அது பிடித்திருக்கிறது, எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய டெக் செய்தித் தளங்களை முதல் நாளே சேர்க்காதீர்கள். அவை ஒரு நாளில் போடுவதே தலையைச் சுற்ற வைக்கும், பழைய கூச்சல் அப்படியே இங்கே குடிவந்துவிடும். நீங்கள் தினமும் கையில் எடுக்கும் கருவிகளின் வெளியீட்டு ஓடைகள், நீங்கள் மதிக்கிற இரண்டு மூன்று பேரின் வலைப்பதிவுகள், ஒரு பாதுகாப்பு அறிவிப்பு ஓடை, இதோடு தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து, பயத்தை மட்டுமே கிளப்பி வேலைக்கு எதுவும் தராத ஓடை எது என்று பார்த்து நீக்குங்கள்.