கண்ணுக்கு எது தோது: மாதாந்திர ஊசியா, ஸ்டீராய்டு குச்சியா?

அம்மாவுக்கு இடது கண்ணில் விழித்திரைச் சிரையின் ஒரு கிளை அடைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியெல்லாம் வளைந்து தெரிய ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். நாங்கள் இருப்பது மலேசியாவின் பெருநிலக் கரையில், பட்டர்வொர்த்தில், விழித்திரை நிபுணர் இருப்பது பினாங்குத் தீவில். இரண்டு வைத்தியமும் பார்த்தாகிவிட்டது. நான் ஸ்டீராய்டு பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆனால் எல்லாக் கண்ணுக்கும் அது ஆகாது.

ஒரு பக்கம் விஇஜிஎஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள்: அவாஸ்டின், லூசென்டிஸ், ஐலியா. அவாஸ்டின் புற்றுநோய்க்கு வந்த மருந்து, விலை குறைவு, கண்ணுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. கிளை இல்லாமல் விழித்திரையின் முக்கியச் சிரையே அடைக்கும் மையச் சிரை அடைப்பில் அதையும் ஐலியாவையும் ஒப்பிட்ட ஸ்கோர்-2 ஆய்வில் (2017) ஆறு மாத முடிவில் பார்வையில் அது பின்தங்கவில்லை. இன்னொரு பக்கம் ஓசுர்டெக்ஸ். 0.7 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் அடங்கிய சின்னக் குச்சி, கண்ணுக்குள்ளேயே மெல்லக் கரைந்துவிடும்.

ஏன் சிலருக்கு ஊசி கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை என்பதற்குக் கண்ணுக்குள் இருக்கும் நீரில் ஒரு விளக்கம் இருக்கிறது. சிரை அடைத்ததும் ரத்தம் கிடைக்காத விழித்திரை விஇஜிஎஃப்-ஐக் கொட்டுகிறது, அதனால் ரத்தக் குழாய்கள் கசிந்து, விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா வீங்குகிறது. ஆனால் அது மட்டும் இல்லை. கண்ணின் முன்னறையிலிருந்து சுமார் 0.1 மில்லிலிட்டர் நீரை எடுத்துப் பார்த்தவர்கள் ஐஎல்-6, ஐஎல்-8, எம்சிபி-1 போன்ற அழற்சிப் பொருள்களும் கூடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். விஇஜிஎஃப் ஊசி அந்த ஒரு பொருளை மட்டும் தடுக்கிறது, ஸ்டீராய்டு பலதையும் சேர்த்துக் குறைக்கிறது. சரி, அப்படியானால் முதலிலேயே நீரை எடுத்துச் சோதித்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாமே என்று டாக்டரிடம் கேட்டேன். அது ஆய்வுக்கூடத்தோடு நிற்கிறது, எந்த அளவுக்கு மேல் போனால் எந்த மருந்து என்று ஒத்துக்கொண்ட கணக்கே கிடையாது, ஆய்வுகளும் ஒரே திசையில் பேசவில்லை என்றார். அதற்குப் பதிலாக விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். விழித்திரைக்குள் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், அதன் அடியில் ஒரு நீர்ப்பை. இவை அழற்சியின் அடையாளமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. அம்மாவுக்கோ ஒவ்வொரு ஊசிக்கும் வீக்கம் வடியும், மாதம் முடிவதற்குள் திரும்ப வந்து நிற்கும்.

எங்கள் முடிவை மாற்றியது மருந்தின் வீரியம் இல்லை, பராமரிப்புதான். ஊசி என்றால் மாதா மாதம் தீவுக்குப் போக வேண்டும். யாராவது ஒருவர் லீவு போட வேண்டும், பாலத்து நெரிசல், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து, காத்திருப்பு, அப்புறம் கண் கூசிக்கொண்டே வீடு திரும்புவது. ஒரு மாதம் தவறினால் வீக்கம் ஏறிவிடும். குச்சியின் பலன் இரண்டாம் மாதவாக்கில் உச்சத்தில் இருக்கும், ஆறு மாதத்திற்குள் தேய்ந்துவிடும் என்று ஜெனிவா என்ற பெயரில் நடந்த ஆய்வு காட்டியது. நடைமுறையில் நான்கு மாதம் ஓடினாலே நிம்மதி. அதற்காக டாக்டரையே பார்க்க வேண்டாம் என்று இல்லை, கண் அழுத்தம் ஏறலாம். அதே ஆய்வில் 60-ஆம் நாளில் சுமார் 16 சதவிகிதத்தினருக்கு அழுத்தம் 25 மி.மீ. பாதரச அளவைத் தொட்டது அல்லது தாண்டியது, பெரும்பாலானவர்களுக்குச் சொட்டு மருந்திலேயே அடங்கியது. ஆனால் அழுத்தம் பார்க்க விழித்திரை நிபுணர் தேவையில்லை! பெருநிலத்தில் இருக்கும் எந்தக் கண் கிளினிக்கிலும் பார்த்துவிடலாம், எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். எனக்கு இந்த ஒன்றே போதுமாக இருந்தது.

ஸ்டீராய்டின் இன்னொரு தொல்லை புரை. அம்மாவுக்கு ஏற்கெனவே புரை எடுத்து லென்ஸ் வைத்தாகிவிட்டது, அதனால் அந்தக் கவலை இல்லை. சொந்த லென்ஸ் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். முற்றிய கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கு இது வேண்டாம். புரை ஆபரேஷனில் லென்ஸின் பின்னுறை கிழிந்தவர்களுக்கும் ஆகாது, குச்சி முன்னறைக்கு நழுவி வந்துவிடும்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். கிளைச் சிரை அடைப்பில் லூசென்டிஸையும் குச்சியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த காம்ரேட்-பி ஆய்வில், ஆறு மாத முடிவில் ஊசிக்குத்தான் பார்வை நன்றாக இருந்தது. ஒரே குச்சி ஆறு மாதம் தாங்காது, அதுவும் ஒரு காரணம். ஆகவே புதிதாக அடைப்பு வந்தவர்கள் ஊசியில் தொடங்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. பக்கவாதமோ மாரடைப்போ அண்மையில் வந்திருந்தால் மட்டும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், விஇஜிஎஃப் ஊசி போட அவர்கள் யோசிப்பார்கள். விஇஜிஎஃப்-ஓடு ஆஞ்-2 என்ற இன்னொரு புரதத்தையும் தடுக்கும் வாபிஸ்மோ என்ற ஊசிக்குச் சிரை அடைப்புக்கென அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது. நாங்கள் அதைப் போட்டதில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

குச்சியைச் செலுத்தும் ஊசி கொஞ்சம் தடிமன். போடும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் வயதானவர்கள் திடுக்கிட மாட்டார்கள். பிறகு சில நாள் கண்ணில் ஒரு துரும்பு மிதப்பதாக அம்மா புகார் சொன்னார், அவாஸ்டின் போட்ட நாள்களில் கறுப்புக் குமிழி என்பார்.

அடுத்த ஸ்கேனில் வீக்கம் திரும்பியிருந்தால் இன்னொரு குச்சிதான். அழுத்தம் சொட்டு மருந்துக்கும் அடங்காமல் போனால் ஊசிக்கே திரும்புவோம். இரண்டுக்கும் அம்மா சம்மதித்துவிட்டார், ரத்தக் கொதிப்பு மாத்திரையை நாள் தவறாமல் போடுவதற்குத்தான் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.