ஏழு வருடம், நான்கு ஜோடி கிரிப்

முகம் துடைத்த கைக்குட்டையில் கறுப்பாகத் தீற்றல் விழுந்துகொண்டே இருந்தது. புகை, தூசி என்று நினைத்து ஒரு வாரம் விட்டுவிட்டேன். பிறகுதான் உறைத்தது, கறுப்பு வந்தது ரோட்டிலிருந்து இல்லை, பைக் ஹேண்டில்பாரின் வலது கைப்பிடி ரப்பரிலிருந்து, அதாவது கிரிப்பிலிருந்து. ரப்பர் தேய்ந்து, கை வியர்வையில் கரைந்து வருவதுபோல உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

என்னுடையது 150 சிசி ஒற்றை சிலிண்டர் பைக். ஏழு வருடத்தில் 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி கிரிப் 24,000 வரை வந்தது. அதற்குப் பிறகு மூன்று ஜோடி மாற்றிவிட்டேன். இரண்டு சொதப்பல், ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்பெனி கிரிப்பைக் குறை சொல்ல மாட்டேன். அதை அவ்வளவு நாள் விட்டதுதான் என் தப்பு. வலது கிரிப்பில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கை அழுந்தும் இடத்தில் கட்டம் கட்டமாக இருந்த பிடிமானம் மழுங்கி வழவழப்பாகிவிட்டது. இடது பக்கம் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. காரணம் எளிது. இடது கை கிரிப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது, வலது கை நாள் முழுக்க அதை முறுக்குகிறது. வழுக்க ஆரம்பித்ததும் நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் இன்னும் நன்றாக ஏறுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால் எனக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாகத்தான் இறங்குகிறது, கிரிப் அழுத்துவதும் அதே இடத்தில். 'வயசாகிவிட்டது' என்று வீட்டில் கிண்டல் வேறு.

முதல் மாற்றாக வாங்கியது ஜெல் கிரிப். கையில் எடுத்து அழுத்தியதும் மெத்தென்று இருந்தது. அதில்தான் ஏமாந்தேன். நின்ற இடத்தில் அழுத்திப் பார்க்கும்போது கைக்குச் சுகமாக இருப்பது வேறு, ஓட்டும்போது சுகமாக இருப்பது வேறு. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தபோது பழைய கிரிப் 31 மி.மீ. குறுக்களவு, இது 36. ஐந்து மி.மீ. என்ன செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். கிளட்ச் லீவருக்கு விரல் எட்டுவதற்குள் உள்ளங்கையை நகர்த்த வேண்டியிருந்தது. டிராஃபிக்கில் நூறு முறை கிளட்ச் பிடித்தால் முன்கை கடுக்கும். என் கை சின்னது, பெரிய கைக்காரருக்கு இதே கிரிப் பொருந்தியிருக்கலாம். இன்னொரு தொல்லையும் உண்டு. மெத்தென்ற சரக்கு முறுக்கும்போது முதலில் தானே முறுகும், அப்புறம்தான் உள்ளே இருக்கும் ஆக்சிலேட்டர் குழாய் திரும்பும். மெதுவாக ஊர்ந்து போகும்போது வண்டி ஒரு நொடி தாமதித்துக் குதிப்பதுபோல இருக்கும்.

ஏழாவது மாதம் அது பிசுபிசுக்க ஆரம்பித்தது. மெத்தென்று இருக்க வேண்டும் என்று இந்த வகைச் சரக்கில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். வெயில், வியர்வை, கைக்குத் தேய்க்கும் சானிடைசர் எல்லாம் சேர்ந்து அதை மேலே கிளப்பிவிடுகின்றன. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி ஒட்டும். ஒன்பதாவது மாதம் கழற்றி எறிந்தேன்.

இரண்டாவது, நுரை உறை. இருக்கிற கிரிப்புக்கு மேலே மாட்டுவது. இதற்கு ஒரு பத்தியே அதிகம். மழையில் பஞ்சுபோல நனைந்து, முறுக்கினால் மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் சட்டைக்குள் வடிந்தது. ஒரு மழைக்காலத்தோடு முடிந்தது அதன் ஆயுசு.

மூன்றாவதுதான் இப்போது இருப்பது. சாதாரண ரப்பர், நடுத்தர இறுக்கம், குறுக்கே மெல்லிய வரிகள், 32 மி.மீ. பார்க்க ஒன்றும் விசேஷம் இல்லை. மூன்று வருடம், 28,000 கிலோமீட்டர். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் மாட்டிய கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிரிப் நன்றாக இருப்பதில் பாதி, மாட்டும் விதத்தில் இருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே விட்டம் வேறு. பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பார் குழாய் 22 மி.மீ. சொச்சம். வலது பக்கம் அதன்மேல் பிளாஸ்டிக் ஆக்சிலேட்டர் குழாய் ஏறியிருப்பதால் ஏறக்குறைய 25 மி.மீ. ஆகிவிடும். முதல் தடவை இடது கிரிப்பை வலது பக்கம் ஏற்றப் பார்த்து, கால்மணி நேரம் ரப்பரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

கழற்றும்போது முதலில் பார் எண்ட் எடை, அதாவது ஹேண்டில்பார் முனையில் திருகியிருக்கும் இரும்புத் துண்டு. அதன் திருகு அசையாமல் அடம் பிடிக்கும், சரியான அளவு ஸ்குரூ டிரைவர் இல்லாமல் தொட வேண்டாம், தலை மழுங்கினால் தனிப் போராட்டம். இடது கிரிப்பை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்துவிடலாம். வலது பக்கம் அப்படிச் செய்யாதீர்கள். அடியில் இருப்பது பிளாஸ்டிக். நான் அழுத்திக் கீறியதில் குழாயிலும் ஒரு கோடு விழுந்து, அதை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்தேன். சில வண்டிகளில் வலது கிரிப் குழாயோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். அதைச் சீவி எடுப்பதைவிடக் குழாயோடு மாற்றுவதே நிம்மதி. புதுசை மாட்டுமுன் பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும். குழாய்மேல் நீள வரிகள் மேடாக இருந்தால், புதுக் கிரிப் அதன்மேல் புடைத்துக்கொண்டு நிற்குமா என்று முன்னதாகவே ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

ஜெல் கிரிப்பை மாட்டித் தந்த மெக்கானிக் சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் ஏற்றினார். வழுக்கிக்கொண்டு அழகாகப் போனது. அடுத்த மழையில் அதே அழகோடு சுற்றவும் செய்தது. கழற்றியபோது உள்ளே குழாயில் துரு. அதனால் மூன்றாவது ஜோடியை நானே மாட்டினேன். கிரிப்புக்கென்று வரும் ரப்பர் பசை, உள்ளே மெல்லிய பூச்சு, ஒரே மூச்சில் முறுக்கித் தள்ளி, வரிகள் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். உடனடியாக இறுகும் பசை வேண்டாம், பாதி வழியில் பிடித்துக்கொண்டால் முன்னும் போகாது பின்னும் வராது. ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். காலையில் அவசரமாக வெளியே போக வேண்டியவர்கள் முதல் நாள் சாயங்காலம் இந்த வேலையை ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது.

இதில் ஒரு தப்பும் செய்தேன், கொஞ்சம் ஆபத்தான தப்பு. வலது கிரிப்பை முழுக்க உள்ளே தள்ளிவிட்டேன், சுவிட்ச் பெட்டியை ஒட்டி. பார்க்க இடைவெளி இல்லாமல் கச்சிதமாக இருந்தது. இரண்டாம் நாள் சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டேன், இஞ்சின் விடவில்லை. உறுமிக்கொண்டே நின்றது. கிளட்ச்சைப் பிடித்து, இஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச்சை அணைத்தேன். கிரிப்பின் விளிம்பு பெட்டியில் உரசிக்கொண்டு திரும்பி வராமல் நின்றிருக்கிறது. உள்பக்கமும் பார் எண்ட் பக்கமும் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி கட்டாயம் வேண்டும். மாட்டி முடித்ததும் ஹேண்டிலை நேராக, முழு இடது, முழு வலது என்று மூன்று நிலையிலும் திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். மூன்றிலும் 'டக்'கென்று தானாகத் திரும்ப வேண்டும். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலைத் திருப்பும்போது இஞ்சின் சத்தம் ஏறவும் கூடாது. ஆக்சிலேட்டரின் ஃப்ரீ பிளே, அதாவது கேபிளை இழுக்கத் தொடங்குமுன் கிரிப் சும்மா திரும்பும் அளவு, என் வண்டிக் கையேட்டில் 2 முதல் 6 மி.மீ. என்று போட்டிருக்கிறது, உங்களுடையதில் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்று வருடக் கணக்கு. விரல் மரப்பது முழுதாகப் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் வந்தது இப்போது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதில் கிரிப்புக்கு மட்டும் பெயர் கொடுக்க முடியாது. இடையில் அழகுக்காகப் பார் எண்ட் கண்ணாடி மாட்டினேன், கம்பெனி எடைகளைக் கழற்றிவிட்டு. 5,500 ஆர்பிஎம்மில் கை கூசுகிற அளவுக்கு ஓர் அதிர்வு புதிதாக வந்தது. அந்த இரும்புத் துண்டுகள் அலங்காரத்துக்கு இல்லை, ஹேண்டில்பார் இஞ்சினோடு சேர்ந்து ரீங்கரிக்கும் வேகத்தைத் தள்ளி வைக்கத்தான் இருக்கின்றன. கண்ணாடியை எடுத்துவிட்டு எடைகளைத் திரும்ப மாட்டியதும் கூச்சம் அடங்கியது. கிரிப்பின் மென்மையை நம்பிச் செலவு செய்யுமுன் எடைகள் இருக்கின்றனவா, திருகு இறுக்கமா என்று பார்ப்பது மலிவான வைத்தியம். கையுறை போட்டாலும் நல்ல வித்தியாசம் தெரிகிறது. உள்ளங்கையில் தடிமனான பஞ்சு வைத்த கையுறையானால் ஜெல் கிரிப் கதைதான், லீவர் எட்டாது.

14,000 கிலோமீட்டரில், தொடர்ந்து நனைந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, இடது கிரிப்பின் வெளி முனை லேசாக விட்டுக்கொடுத்தது. முறுக்கினால் ஒரு நூல் அளவு நகர்ந்தது. கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டினேன், அதன் பிறகு அசையவில்லை. மாதம் ஒருமுறை இரண்டு கிரிப்பையும் வேண்டுமென்றே பலமாக முறுக்கிப் பார்ப்பது அப்போது தொடங்கிய பழக்கம். வலது பக்கம் அசைந்தால் இன்னும் மோசம், கை திரும்பும், ஆக்சிலேட்டர் திரும்பாது.

நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது, அதில் எனக்குக் கவலை இல்லை. பிசுபிசுப்பு இதுவரை இல்லை. டயர் பாலிஷ் மட்டும் மறந்தும் தடவ மாட்டேன். வண்டி கழுவிக் கொடுத்த பையன் ஒருதரம் பளபளப்பாக இருக்கட்டும் என்று தடவிவிட்டான், மூன்று நாள் மீனைப் பிடித்தமாதிரி ஓட்டினேன்.

வலது கிரிப்பில் பழைய இடத்திலேயே வரிகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. இன்னும் மூன்று நான்கு ஆயிரம் தாங்கும் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை கைக்குட்டை கறுக்கும்வரை காத்திருக்கப் போவதில்லை. அதே வகையில் இன்னொரு ஜோடி வாங்கி மேஜை டிராயரில் போட்டாயிற்று. பசை ட்யூப்பை நேற்று எடுத்துப் பார்த்தேன், மூடியோடு சேர்ந்து இறுகிக் கல்லாகிக் கிடக்கிறது. அது ஒன்றுதான் வாங்க வேண்டும்.