கோமாளி மீனா, நீல டேங் மீனா?

விற்பனைக்கு வரும்போது இரண்டுமே பெரும்பாலும் விரல் நீளக் குஞ்சுகளாக இருப்பதால், கடல்நீர்த் தொட்டி வைக்க முனைவோர் அவற்றை ஒரே அளவினவாக எண்ணிவிடுகின்றனர். ஆனால் ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் முழு வளர்ச்சியிலும் ஏறத்தாழ 10 செ.மீ. அளவிலேயே நின்றுவிட, நீல டேங் (blue tang) மீன் 30 செ.மீ. வரை வளரக்கூடியது. இயற்கையில் கடற்சாமந்தி (sea anemone) எனும் பூப்போன்ற கடல் உயிரியை விட்டு அதிகம் விலகாத கோமாளி மீன்களில் ஓர் இணைக்கு 100 லிட்டர் தொட்டி போதும் என்பதால், சிறிய தொட்டிக்கு அதுவே என் தேர்வு.

பவளத்திட்டுகளில் நீந்தித் திரியும் டேங் மீனுக்கோ கொள்ளளவோடு தொட்டியின் நீளமும் முதன்மையானது; 6 அடியேனும் இல்லாவிட்டால் அது நெருக்கடிக்கு உள்ளாகி, உடலில் வெண்புள்ளிகள் தோன்றும் ஒட்டுண்ணி நோயான வெண்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும். (வாலடியில் கூரிய முள்ளும் உண்டு, கையால் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.) வளர்ந்தபின் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற சமாதானம், அந்தப் பெரிய தொட்டிக்கான இடமும் பணமும் இப்போதே கையில் இருந்தால் மட்டுமே ஏற்கத்தக்கது.