மெய்நிகர் நீதிமன்றத் தளம்: அபராதம் கட்ட எளிது, எதிர்க்க அரைகுறை

போக்குவரத்து அபராதத்தை நீதிமன்றம் போகாமலே முடிக்க வந்த தளம். பாதி வேலையை நன்றாகவே செய்கிறது.

முதலில் மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனின் இ-சலான் (மின்னணு அபராதச் சீட்டு) பக்கத்தில் சலான் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். வண்டி எண்ணை வைத்துத் தேடினால் எஞ்சின் அல்லது சேஸிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கங்களும் கேட்கும். ஆர்சி பக்கத்தில் இருக்கட்டும். சலான் நீதிமன்றத்துக்குப் போய்விட்டிருந்தால், மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் மாநிலத்தின் போக்குவரத்துத் துறையைத் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும். பலர் துறையை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டு, வழக்கே இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

ஓடிபி வந்ததும் இரண்டே வழி: கட்டுவது, எதிர்ப்பது. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். 'இப்போதைக்குக் கட்டிவிட்டு அப்புறம் கேட்போம்' என்பது இங்கே எடுபடாது. எதிர்த்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அதற்குமேல் ஆன்லைன் வசதி கைகொடுக்காது, நேரில் அலைய வேண்டியதுதான். இதுதான் பெரிய குறை.

ஆகவே பொத்தானைத் தொடுமுன் கேமரா படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் வந்த 167ஏ விதிப்படி மீறலும் நம்பர் பிளேட்டும் படத்தில் தெரிய வேண்டும். தேதி, நேரம், இடம் பதிவாகியிருக்க வேண்டும். வண்டியின் நிறமோ மாடலோ வேறாக இருந்தால் எதிர்ப்பது வீணாகாது. ஆர்சி நகல், வண்டியின் படங்களோடு போங்கள்.

பணம் கழிந்தும் ரசீது வராவிட்டால், உடனே மறுபடி கட்டாதீர்கள்.